கண்டால் மாறுவோம் என்கிறது வசனம், நான் ஏன் மாறவில்லை? (2 கொரிந்தியர் 3:18)

அதிகாலைக்காரன்:
சபையில் கேட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையே எனக்காக உபவாச ஜெபம் வைத்துவிடுவார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

பதினோரு வருடமாக விடிகாலை 4.45க்கு எழுந்து உட்காருகிறேன். வேத வாசிப்பு, ஜெபம், கொஞ்சம் பாட்டு. போன வருடத்திலிருந்து இந்த ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தினமும் அதையே அசைபோடுகிறேன். "நாமெல்லாரும் திறந்த முகமாய்க் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு, ஆவியாயிருக்கிற கர்த்தரால் அந்தச் சாயலாகத்தானே மகிமையின்மேல் மகிமையடைந்து மறுரூபப்படுகிறோம்." அந்த அறையில் இருக்கும்போது மனசு இளகுவது உண்மை, சில நாள் அழுகையே வந்துவிடும். ஆறேகாலுக்கு வெளியே வருவேன், ஏழாவது படிக்கும் பையன் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருப்பான், ஆறு இருபதுக்கு நான் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை என் மனைவி குரலே உயர்த்தாமல் கேட்டாள்: "உள்ளே யாரைப் பார்த்துட்டு வர்றீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

வசனம் நிபந்தனை எதுவும் போடவில்லை. காண்கிறோம், மாறுகிறோம், அவ்வளவுதான். அப்படியானால் ஒன்று இத்தனை வருடம் நான் காணவே இல்லை, இல்லாவிட்டால் பவுல் அங்கே வேறு ஏதோ சொல்கிறார். எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் மட்டும் வேண்டாம்.

சீயோன் பயணி:
பிரதர், இது சத்துருவின் போராட்டம். ஜெப நேரத்தை இரண்டு மணி நேரமாக்குங்கள், ஜெயம் நிச்சயம்.

அதிகாலைக்காரன்:
நன்றி பிரதர். அதற்கு 4 மணிக்கு எழ வேண்டும். தூக்கம் குறைந்தால் நான் எப்படி இருப்பேன் என்று என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

திண்ணை வாத்தியார்:
தம்பி, நான் போதகர் இல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கிரேக்கம் வயதான பிறகு தட்டுத்தடுமாறிப் படித்தது. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பவுல் மனதில் ஓடுவது யாத்திராகமம் 34. மோசே நாற்பது நாள் சீனாய் மலையில் இருந்துவிட்டுக் கற்பலகைகளோடு இறங்கி வருகிறார், முகம் பிரகாசிக்கிறது, ஜனங்கள் கிட்டே வரவே பயப்படுகிறார்கள், பேசி முடித்ததும் அவர் முக்காடு போட்டுக்கொள்கிறார். (அங்கே 'பிரகாசித்தது' என்பதற்குரிய எபிரெயச் சொல் கொம்பு என்ற சொல்லோடு வேர் ஒட்டியது. ஜெரோம் லத்தீனில் கொம்பு என்றே பெயர்த்துவிட்டார். ரோமில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் தலையில் இரண்டு கொம்பு முளைத்த கதை அதுதான்.) அன்றைக்கு ஒரே ஒருவர் முகம், அதுவும் முக்காட்டுக்குள். இன்றைக்கு "நாமெல்லாரும்", அதுவும் "திறந்த முகமாய்" என்கிறார் பவுல். ஒரு சபையில் இருந்த எல்லாரையும், சண்டைக்காரர்கள் உட்பட, மோசேயின் இடத்தில் நிறுத்துகிறார். கொரிந்து சபை எப்படிப்பட்டது என்று முதலாம் நிருபத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும்: கட்சிச் சண்டை, வழக்கு, பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருப்பது.

அப்புறம் அந்தக் கண்ணாடி. 'கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு' என்பது மூலத்தில் ஒரே சொல், கதோப்த்ரிசோமெனோய். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல். கண்ணாடியில் பார்ப்பது என்றும் கொள்ளலாம், கண்ணாடிபோலப் பிரதிபலிப்பது என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் என்ஐவி மொழிபெயர்ப்பு 1984 பதிப்பில் 'பிரதிபலிக்கிறோம்' என்று போட்டது, 2011 பதிப்பில் 'உற்றுநோக்குகிறோம்' என்று மாற்றிக்கொண்டது. அவர்களுக்கே அவ்வளவு தடுமாற்றம். பழைய காலத்துப் பிரசங்கி கிறிசோஸ்தோம் அழகாகச் சொல்கிறார்: சுத்தமான வெள்ளியை வெயிலுக்கு நேரே திருப்பிவைத்தால் அதுவும் கதிர்வீசும், தன் குணத்தால் மட்டுமல்ல, வெயிலினாலும்.

கண்ணாடி என்றதும் நம் வீட்டு பீரோக் கண்ணாடியை நினைக்காதீர்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி பெரும்பாலும் தேய்த்து மெருகேற்றிய உலோகம். கொரிந்து ஏற்கெனவே வெண்கலத்துக்குப் பேர்போன ஊர். யாத்திராகமம் 38:8இல் பெண்கள் கொடுத்த கண்ணாடிகளைக் கொண்டு வெண்கலத் தொட்டி செய்தார்கள் என்று வருகிறதே, உலோகமாக இருந்ததால்தான் அது முடிந்தது. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். மெருகு போனால் முகம் மங்கும். இதே கொரிந்தியருக்குத்தான் முந்தைய நிருபத்தில் "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்" என்று எழுதினார். ஆக நாம் காண்பது மங்கலாகத்தான், அதைப் பவுல் மறைக்கவில்லை.

கடைசியாகத் தமிழ் வாத்தியாராக இரண்டு குறிப்பு. 'கண்டு' என்பது நமக்கு முடிந்த வினைபோலக் காதில் விழுகிறது, கண்டேன், வேலை முடிந்தது என்கிற மாதிரி. மூலத்தில் அது நடந்துகொண்டே இருக்கிற வினை. 'காணக் காண' என்று வாசித்துப் பாருங்கள். இரண்டாவது, 'மறுரூபப்படுகிறோம்'. அந்தப் 'படு' செயப்பாட்டு வினை. நாம் நம்மை மாற்றிக்கொள்கிறோம் என்று இல்லை, மாற்றப்படுகிறோம். மொழிபெயர்த்தவர்கள் அதைக் கவனமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். மலையில் இயேசு மறுரூபமானார் என்று மத்தேயு 17இலும் மாற்கு 9இலும் வருவதும், "மறுரூபமாகுங்கள்" என்று ரோமர் 12:2இல் வருவதும் மூலத்தில் இதே வினைதான். புதிய ஏற்பாட்டிலேயே அந்த நாலே இடம்தான்.

செபமாலைக்காரி:
அண்ணா, நான் கத்தோலிக்கம். எங்கள் விவிலியத்தில் மகிமை இல்லை, மாட்சி. மறுரூபம் இல்லை, உருமாற்றம். வியாழக்கிழமை செபமாலையில் ஒளியின் மறைபொருள்கள் சொல்வோம், 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தது, அதில் நாலாவது மலையில் உருமாறினது. தாபோர் மலை என்று சொல்லித்தான் பழக்கம், நற்செய்தியில் மலையின் பெயர் இல்லவே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்தியது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "சில நாள் அழுகையே வந்துவிடும்." நானும் நற்கருணை ஆராதனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இன்று கண்ணீர் வந்ததா, மனசு நிறைந்ததா, போன வாரத்தைவிடப் பரவாயில்லையா என்று கணக்குப் பார்ப்பேன். அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? பாதி நேரம் என்னையேதான். பிரான்சில் ஆர்ஸ் ஊரில் ஒரு விவசாயி, கோவிலில் நற்கருணைப் பேழை முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாராம். என்ன செய்கிறாய் என்று பங்குச்சாமி ஜான் வியான்னி கேட்டதற்கு அவர் சொன்னது: "நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்." கணக்குப் புத்தகமே கிடையாது.

வாத்தியார் ஐயா சொன்ன அதே யாத்திராகமம் 34இல் தன் முகம் பிரகாசித்தது மோசேக்குத் தெரியவில்லை என்று இருக்கிறதே, அதை ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்? எனக்கு முழு அதிகாரத்திலும் அதுதான் முக்கியம்.

திண்ணை வாத்தியார்:
விட்டது தப்புதான் அம்மா. 29ஆம் வசனம், "அவன் அறியாதிருந்தான்."

மகிமை, மாட்சி சண்டைக்கு ஒரு சின்னச் சேர்க்கை. எபிரெயத்தில் கபோத். அதன் வேர் ஒளியைச் சேர்ந்ததே இல்லை, பாரத்தைச் சேர்ந்தது. தமிழில் அதற்கு அச்சாகப் பொருந்துகிற சொல் 'கனம்'. மூட்டை கனமாக இருக்கிறது என்கிறோம், கனம் பொருந்திய ஐயா என்றும் எழுதுகிறோம். ஒளி வரும்போது மினுங்கிவிட்டுப் போகலாம், பாரம் நம்மேல் உட்கார்ந்தால் நாம் நிற்கும் நிலையே மாறும். நான் மகிமை என்ற இடத்தில் கனம் என்று போட்டு வாசிக்க ஆரம்பித்ததிலிருந்து சங்கீதங்கள் எனக்கு வேறு மாதிரி கேட்கின்றன.

சந்தேகத் தோமா:
எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்ட கேள்வி இலக்கணம் இல்லையே. கண்டால் மாறுகிறார்களா என்று கேட்டார்.

ஜோனதன் எட்வர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் சபையின் போதகர். தேன் இனிக்கும் என்று அறிவது வேறு, தேனை ருசித்து அந்த இனிப்பை அறிவது வேறு, தேவனுடைய மகிமையும் அப்படித்தான் என்று 1733இல் பிரசங்கம் பண்ணினார். மகிமையைக் காண்பது பற்றிப் புராட்டஸ்டண்ட் உலகத்தில் அவரைப்போல ஆழமாக எழுதியவர்கள் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பிரசங்கத்துக்கு இரண்டு வருடம் முன்னால், 1731இல், இதே மனிதர் ரோட் ஐலண்டிலுள்ள நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய் வீனஸ் என்ற பெயருள்ள ஒரு சிறுமியைக் காசு கொடுத்து அடிமையாக வாங்கினார். விலைப் பத்திரம் இருக்கிறது. பிரசங்கம் பண்ணின பிறகும் அடிமைகளை வைத்திருந்தார், சாகும்வரை. தேனை ருசித்தவர் கதி இது. தூரத்தில் போவானேன், ஒரே சபை, ஒரே பந்தி, ஆனால் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் நம்மிடமே இல்லையா? அவர்களும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகிமையைப் பாடுகிறவர்கள்தான்.

அதிகாலைக்காரன் ஷூவுக்காகக் கத்துகிறார். இவர்கள் முன்னால் அவர் தேவதூதர். என் கேள்வி: காண்பது மாற்றும் என்பது உண்மையா, அல்லது காண்பதாக நினைத்துக்கொள்பவர்களுக்கு நிம்மதி தருகிற ஒரு ஏற்பாடா?

சீயோன் பயணி:
தேவ மனிதர்களைக் குறை சொல்வது நல்லதல்ல பிரதர்.

சந்தேகத் தோமா:
வாங்கப்பட்ட சிறுமியும் தேவ சாயல்தானே பிரதர். அந்தச் சாயலைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

திண்ணை வாத்தியார்:
தோமாவுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எட்வர்ட்ஸின் மாணவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்று ஒருவர். ஆசிரியர் எந்த நியூபோர்ட்டில் அந்தச் சிறுமியை வாங்கினாரோ அதே நியூபோர்ட்டில் போதகராகப் போய், அடிமை வியாபாரத்தில் பிழைத்த ஊரிலேயே அதற்கு எதிராகப் பிரசங்கித்தார், 1776இல் அச்சிலும் போட்டார். எட்வர்ட்ஸின் மகனும் 1791இல் அதே பக்கம் நின்றார். ஆசிரியர் கற்பித்ததை வைத்தே மாணவன் ஆசிரியர் காணாததைக் கண்டான். ஆனால் அந்தச் சிறுமிக்கு இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. அதை மழுப்ப மாட்டேன்.

நான் பார்க்கிற சிக்கல் இது. மகிமை என்று நாம் எதைக் காண்கிறோம் என்பதைப் பவுல் நம் விருப்பத்துக்கு விடவில்லை. ஆறே வசனம் தள்ளி, 4:6இல், அது "இயேசுகிறிஸ்துவின் முகத்திலுள்ள" மகிமை என்கிறார். அடுத்த வசனத்திலேயே மண்பாண்டம் வந்துவிடுகிறது. அதற்கடுத்து நெருக்கப்பட்டும், கலக்கமடைந்தும், துன்பப்படுத்தப்பட்டும், கீழே தள்ளப்பட்டும் என்று ஒரு பட்டியல். யோவான் இன்னும் ஒரு படி மேலே போய், மனுஷகுமாரன் மகிமைப்படுகிற வேளை என்று சிலுவையையே சொல்கிறார். அப்படியானால் அறையப்பட்ட ஒருவரைப் பார்க்காமல் வெறும் பேரொளியைப் பார்த்துக்கொண்டிருப்பவன் தன் மனசுக்குப் பிடித்த வெளிச்சத்தைத்தான் பார்க்கிறான். நியூபோர்ட் கப்பலில் வந்தவள் அறையப்பட்டவர் பக்கம் நின்றவள். அவளைத் தாண்டி ஒருவன் எதைக் கண்டான்?

சந்தேகத் தோமா:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் பிடித்திருக்கிறது.

அத்தோஸ் வாசகன்:
கிழக்குத் திருச்சபைக்காரர்கள் இதற்காகவே ஒரு பெரிய சண்டை போட்டிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டு, கிரேக்க நாட்டு அத்தோஸ் மலைத் துறவிகள். மூச்சோடு சேர்த்து "ஆண்டவராகிய இயேசுவே, எனக்கு இரங்கும்" என்கிற பாணியில் ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மௌனத்தில் உட்காருவார்கள், மலையில் சீடர்கள் கண்ட அதே ஒளியைக் காண்கிறோம் என்பார்கள். பர்லாம் என்ற அறிஞர், தலையைக் குனிந்து உட்காருகிறவர்கள் ஆத்துமாவைத் தொப்புளில் தேடுகிறார்கள் என்று கேலி பண்ணினார். கிரகோரி பலமாஸ் துறவிகளுக்காக வாதாடினார். தேவனின் சாராம்சம் யாருக்கும் எட்டாது, ஆனால் அவருடைய செயலாற்றல் உண்மையிலேயே மனிதனைத் தொடுகிறது, உடம்பு உட்பட, என்பது அவர் வாதம். 1341இலும் 1351இலும் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தன.

எனக்கு அதில் பிடித்தது அந்த 'உடம்பு உட்பட' என்கிற இடம். மாற்றம் கருத்தில் மட்டும் நடப்பதில்லை. மூச்சு, தொண்டை, கை எல்லாம் சேர்ந்துதான் மாறவேண்டும். கோபமும் அங்கேதான் இருக்கிறது, தொண்டையில்.

இன்னொரு கிரகோரி, அவருக்கு ஆயிரம் வருடம் முந்தியவர், நீசாவின் கிரகோரி, மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். மகிமையின்மேல் மகிமை என்பதற்கு முடிவே இல்லை, ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஆரம்பம் என்பது அவர் எண்ணம். அந்தக் கணக்கில் பதினோரு வருடம் ஒன்றுமே இல்லை பாஸ்.

மார்த்தாள்:
நீங்கள் எல்லாரும் மலைமேலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் கீழே இருந்து ஒரு குரல்.

மலைக்கு ஏறிப்போனது பேதுரு, யாக்கோபு, யோவான், மூன்று பேர். மீதி ஒன்பது பேர் எங்கே? கீழே ஒரு தகப்பனோடும், தீயிலும் தண்ணீரிலும் விழுகிற அவர் பையனோடும், வேடிக்கை பார்க்கிற கும்பலோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், முடியாமல் திட்டும் வாங்கினார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி நான். இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், காலையில் தனியறையும் கிடையாது 4.45உம் கிடையாது. ரஃபேல் கடைசியாக வரைந்த படம், வாடிகனில் இருக்கிறது, ஒரே படத்தில் மேலே ஒளியில் இயேசு, கீழே இருட்டில் அந்தப் பையன். என் மகள் புத்தகத்தில் காட்டினாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மேலே இருப்பவர்கள் கீழே பார்க்கவே இல்லையே என்று. அப்புறம்தான் கவனித்தேன், கீழே கூட்டத்தில் சிலர் கையை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஒன்றும் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. மாமியாருக்குப் படுக்கை மாற்றும்போது அவர் முகத்தைப் பார்த்து மாற்றுகிற நாளும் உண்டு, பார்க்காமல் மாற்றுகிற நாளும் உண்டு. பார்த்து மாற்றுகிற நாளில் எனக்குள் ஏதோ நகர்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மகிமை. அதிகாலைக்காரன் தம்பி, நீங்கள் கத்தும்போது பையன் முகத்தைப் பார்க்கிறீர்களா, அவன் காலைப் பார்க்கிறீர்களா?

அதிகாலைக்காரன்:
அக்கா, காலைத்தான்.

மூன்று நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். செபமாலை சிஸ்டர் சொன்ன கணக்குப் புத்தகம் என்னிடம் நிஜமாகவே இருக்கிறது. நோட்டில் தேதி போட்டு இன்று எவ்வளவு நேரம், எப்படி இருந்தது என்று எழுதுவேன். அதை வாசித்த அன்று அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டேன். எரிக்கவெல்லாம் இல்லை, எனக்கு நாடகம் வராது.

அப்புறம் மோசேயைத் தேடிப் போனேன். இத்தனை வருடம் வாசித்தும் நான் சேர்த்துப் பார்க்காத ஒன்று: எண்ணாகமம் 12இல் பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று அவருக்குச் சான்றிதழ். முகம் பிரகாசித்ததோ அதற்கும் முன்னாலேயே. அதெல்லாம் ஆன பிறகு, எண்ணாகமம் 20இல், தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் புலம்ப, "கலகக்காரரே, கேளுங்கள்" என்று கத்திவிட்டுக் கன்மலையைக் கோலால் இரண்டு தரம் அடிக்கிறார். சங்கீதம் 106 அதையே "தன் உதடுகளினால் பதறிப்பேசினான்" என்கிறது. பதறிப்பேசினான்! ஆறு இருபதுக்கு என் வீட்டில் நடப்பதற்கு இதைவிடச் சரியான சொல் இல்லை. அதனால் அவர் கானானுக்குள் போகவில்லை, மலைமேலிருந்து பார்த்ததோடு சரி. பிரகாசித்த முகமும் பதறின உதடும் ஒரே ஆளுக்கு, நடுவில் எத்தனையோ வருடம். இதை நான் சாக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று உடனே தோன்றியது, எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் தோன்றியது. அவருக்கு அது சும்மா போகவில்லையே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் வாத்தியார் ஐயா. மறுரூப மலையில் இயேசுவோடு மோசே நிற்கிறார். அப்படியானால் உள்ளே வந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

திண்ணை வாத்தியார்:
மலை தாபோர் என்று வைத்துக்கொண்டால் கலிலேயாவின் நடுவில் நிற்கிறார், ஆமாம். எர்மோன் என்பவர்களும் உண்டு, அது வட எல்லை, ஆனாலும் மோசே நின்றுபோன இடத்தைவிட்டு ரொம்ப தூரம் வந்தாயிற்று. லூக்கா 9:31இல் அங்கே அவர்கள் பேசிக்கொண்டது இயேசுவின் மரணத்தைக் குறித்து என்று தமிழில் இருக்கும். மூலத்தில் அந்த இடத்துச் சொல் 'எக்ஸோதோஸ்', புறப்பாடு. யாத்திராகமத்துக்குக் கிரேக்கத்தில் அதுதான் பெயர். தன் யாத்திரையைப் பாதியில் விட்டவர், இன்னொரு யாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார். இதற்கு மேல் சொன்னால் நான் பிரசங்கியாகிவிடுவேன்.

சந்தேகத் தோமா:
இன்று காலை என்ன ஆயிற்று, அதைச் சொல்லுங்கள் முதலில்.

அதிகாலைக்காரன்:
கத்தினேன். பாதியில் அவன் முகத்தைப் பார்த்தேன். நான் கத்த ஆரம்பிக்கும் முன்பே அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எத்தனை நாளாகவோ தெரியவில்லை. மீதிக் கத்தல் வரவில்லை.

மார்த்தாள்:
சரி. ஷூ ஸ்டாண்டைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வாசல் கதவு பக்கம் வையுங்கள். ராத்திரி படுக்கும் முன்னால் இரண்டும் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவனிடம் கேட்காதீர்கள்.

அதிகாலைக்காரன்:
கட்டிலுக்கடியில் என்று எப்படித் தெரிந்தது அக்கா? நேற்றே வாசலுக்கு மாற்றிவிட்டேன். இன்று ஷூ இருந்தது. சாக்ஸ் ஒன்றுதான் காணோம்.